சத்தமில்லாமல் போட்ட ஊறுகாய்

1964 பிப்ரவரி 13, வியாழக்கிழமை. விடியற்காலை குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு அண்டாவும் ஒரு குடமும் பிடித்து வைத்தேன். பால் காய்ச்சினேன். நைட் ஷிப்டு பஸ் ப்ளாக் முனையில் நின்று புறப்படும் சத்தம் கேட்டதும் காப்பி கலந்தேன். என் வீட்டுக்காரர் வந்தார். பூட்ஸை வாசற்படியில் தட்டினார், குளித்தார், இட்லி சாப்பிட்டார், படுத்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கைக் கழுவி, முன்கதவுத் தாழ்ப்பாளில் கவிழ்த்து மாட்டினேன்.

அன்றைய டைரியில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. எழுத உட்கார நேரம் கிடைக்கவில்லை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

தூக்கைக் கவிழ்த்து மாட்டுவது எங்கள் ப்ளாக் வழக்கம். உள்ளே நைட் ஷிப்டு முடித்தவர் தூங்குகிறார் என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் கீரைக்காரி கூவ மாட்டாள், பிள்ளைகள் அடுத்த சந்துக்குப் பந்தை எடுத்துப் போய்விடுவார்கள். அம்மி, உரல், துணி துவைக்கும் கல் எல்லாவற்றுக்கும் ஓய்வு. இரண்டு குவார்ட்டர்ஸுக்கு நடுவில் ஒரே சுவர் என்பதால் ஒரு வீட்டில் தூக்குத் தொங்கினால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான். அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நைட் ஷிப்டு. இரண்டு கதவிலும் தூக்குத் தொங்கியது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்புக்கு வந்தபோது பின்பக்கம் வெறும் சரளைச் செம்மண். முந்திரியைத் தவிர ஒன்றும் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். குறிஞ்சிப்பாடி வண்டிக்காரரிடம் சொல்லித் தொழு உரம் வாங்கிக் கொட்டினேன். அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர் என்று ஒரு சொட்டு விடாமல் அங்கே போனது. சவுக்குக் குச்சி ஊன்றிக் கட்டினேன். மைன்ஸ் பக்கத்துக் காற்று வீசினால் இலையெல்லாம் கறுப்புத் தூசு படியும். ஈரத் துணியால் துடைத்துவிடுவேன். அப்படி வளர்த்த தக்காளிச் செடிகளில் அந்த பிப்ரவரியில் காய் குலுங்கியது. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. எல்லாம் கல்லு மாதிரி பச்சை.

அவர் தூங்கி ஒரு மணி நேரம் இருக்கும். குடியிருப்பு ஆபீஸ் ஓவர்சியர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். கையில் அளவு நாடா. பின்னால் ஒப்பந்த வேலை செய்யும் ஒரு பெண், கூடையில் சுண்ணாம்புத் தூளோடு. இந்தப் பக்கத்து ஊர்க்காரி. நாடாவை என் பாத்தியின் குறுக்கே இழுத்துப் பிடித்தார்கள். அவள் தூளைத் தூவிக்கொண்டே வந்தாள். செடிகளுக்கு நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தது.

சாக்கடைக் குழாய் போடப்போகிறார்களாம். தூக்கைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கிசுகிசுப்பாகப் பேசினார்.

"நாளைக்குக் காலைல ஆளுங்க வர்றாங்க. செடியெல்லாம் எடுத்துப் போட்டுருங்கம்மா."

இரண்டு வாரம் போனால் பழுத்துவிடும், வரிசையின் அந்தக் கோடியிலிருந்து வேலையை ஆரம்பிக்கலாமே என்று நானும் கிசுகிசுப்பாகக் கேட்டேன். குழாயின் சரிவு இந்தப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார். அது நியாயமாகவே இருக்கலாம். குழாயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கிளம்பும்போது ஒரு காயைத் திருகிப் பறித்து, முகர்ந்து பார்த்து, கீழே போட்டார்.

"பச்சைக் காய்தானுங்களே. எதுக்குங்க ஆகும்? போனாப் போகுதுங்க."

"போகாது" என்றேன்.

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வேறு நேரமாக இருந்தால் ப்ளாக் முழுவதும் கேட்கும்படி பேசியிருப்பேன். தூக்குத் தொங்கும் வீட்டில் கோபத்தையும் தணிந்த குரலில்தான் காட்டவேண்டும். அவர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுப் பின்பக்கம் போனார். நான் குனிந்து அந்தக் காயை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

கூடைக்காரி பின்தங்கி நின்றாள். மைன்ஸுக்கு நிலம் எடுத்தபோது அவள் வீடும் போனதாம். "எங்க வூட்டாண்ட ஒரு பலா நின்னுதுங்க. ஒரே பிஞ்சு. லாரி வந்து நின்னுக்கினு சீக்கிரம் சீக்கிரம்னாங்க. அப்டியே வுட்டுட்டு ஏறிட்டோம்" என்றாள். பிறகு சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "பிஞ்சோ காயோ, நீங்க வுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த நிமிஷம் தீர்மானித்தேன். இடம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு காய்கூட அவர்கள் மண்வெட்டிக்குக் கிடைக்கக்கூடாது. வீணாய்ப் போயிற்று என்று சொல்ல யாருக்கும் வாய்ப்புத் தரக்கூடாது. அடுத்த பருவத்தில் புதுத் தக்காளி வரும்வரை இந்தக் காய் என் வீட்டில் இருந்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் பறித்தேன். கோலிக்குண்டு அளவில் இருந்ததையும் விடவில்லை. பறிக்கும்போதே இளசான பக்கக் கிளைகளை ஒடித்து வாளித் தண்ணீரில் போட்டேன். அதற்கென்று திட்டம் ஒன்றும் இல்லை. கிடந்து காயட்டும் என்று விட மனசு வரவில்லை.

மாங்காய் என்றால் உப்பு மிளகாய் போட்டு ஜாடி வாயில் துணியால் வேடு கட்டி வைத்துவிடலாம். தக்காளி நீர்க்காய். ஜாடியில் ஒரு மாதம் தாங்காது, பூசணம் பிடித்துவிடும். அதற்கு முந்தைய வருஷம் மாதர் சங்கத்துக்கு மெட்ராஸிலிருந்து ஓர் அம்மாள் வந்து, ஊறுகாயைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, பாட்டிலோடு வெந்நீரில் கொதிக்கவைத்து, மெழுகால் மூடி முத்திரை வைப்பதைச் செய்து காட்டினார். எல்லோரும் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய ஜாடியையே எடுத்தோம். நான் மட்டும் அன்றிலிருந்து மூடியோடு கூடிய பாட்டில் எதையும் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடவில்லை. பண்ருட்டியில் வாங்கிய வினிகர் பாட்டிலும் முத்திரை உடைக்காமல் அலமாரியில் இருந்தது. இவளுக்கு வேறு வேலை இல்லை என்று சொன்னவர்கள் உண்டு.

அரிவாள்மணை சத்தம் போடாது. காய்களை எட்டெட்டாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிசறி வைத்தேன். நீர் விட்டதும் பிழிந்தெடுத்தேன். காலிப் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டபோதுதான் சிக்கல். தண்ணீர் தளதளவென்று வந்ததும் அவை ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று அடித்தன. உடனே அடுப்பைத் தணித்தேன். அவருடைய கிழிந்த காக்கிச் சட்டை ஒன்றைத் துண்டு துண்டாக்கி, அண்டாவின் அடியிலும் பாட்டில்களுக்கு நடுவிலும் செருகினேன். சத்தம் நின்றது. அந்த மெட்ராஸ் அம்மாள் பாத்திரத்தின் அடியில் வைக்கோல் போட வேண்டும் என்று சொன்னதும், போடாவிட்டால் பாட்டில் வெடிக்கும் என்று சொன்னதும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அடுத்தது கடுகும் வெந்தயமும். வறுத்து இரும்பு உரலில் இடிக்க வேண்டியது. இடிக்க முடியாது. போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் பலகையை வைத்து, பலகையில் கடுகைப் பரப்பிச் சப்பாத்திக் குழவியால் உருட்டினேன். தோள் விண்விண்ணென்று வலித்தது. பொடி கொரகொரவென்றுதான் வந்தது. கொரகொரவென்றே இருக்கட்டும் என்று விட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். மதுரைக்காரி. என்னைவிட இளையவள், வாய் மட்டும் மூத்தது.

"என்னக்கா, வீட்டுல விசேஷமா? இம்புட்டுக் காயை நறுக்கி வச்சிருக்கீக" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

ஊறுகாய் என்றேன். பச்சைத் தக்காளியிலா, அதை வாயில் வைக்க முடியுமா, மாங்காய் விளையாத சீமையா இது என்று அடுக்கினாள். நீ வைக்க வேண்டாம் என்றேன். வைக்கவே மாட்டேன் என்று உறுதி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு சண்டை முழுவதையும் கிசுகிசுப்பிலேயே போட்டு முடித்தோம்.

அந்தப் பாட்டில் கடகடப்பைத் தவிர அதுவரை ஊசி விழுந்த சத்தம்கூட என் வீட்டிலிருந்து எழவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நல்லெண்ணெய் காய்ந்தது. கடுகு வெடிக்கும் சத்தத்துக்குப் பயந்து வாணலியை மூடினேன். அது அடங்கியதும் மூடியை எடுத்துப் பெருங்காயத்தைப் போட்டேன், மிளகாய்ப் பொடியைக் கொட்டினேன். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தது. நெடி குபீரென்று கிளம்பியது.

சத்தத்துக்குத்தான் எங்கள் ப்ளாக்கில் கட்டுப்பாடு. நெடியைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. முதலில் எங்கள் வீட்டு அறையில் ஓர் இருமல். அடுத்து சுவருக்கு அந்தப் பக்கம் தும்மல், தொடர்ந்து தும்மல். "எவன்டா வீட்டுக்குத் தீ வச்சது?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாகக் கேட்டார். தீ இல்லை, தக்காளி என்று அவர் மனைவி பதில் சொன்னாள். இந்தத் தடவை கிசுகிசுக்கவில்லை.

இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார். அண்டாவைப் பார்த்தார், பாட்டில்களைப் பார்த்தார், காக்கித் துணியைக் கூர்ந்து பார்த்தார். அது தன் சட்டை என்பது தெரிந்திருக்கும். பின்கதவு வழியே வெளியே போய் மொட்டைச் செடிகளையும் வெள்ளைக் கோட்டையும் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓவர்சியர்ட்ட எதும் பேசினியா?"

"பேசினேன். மெதுவாத்தான்."

"நான் இன்னும் பர்மனென்ட் ஆகல. தெரியும்லா?"

"தெரியும். அதனாலதான் சண்டை போடாம ஊறுகாய் போடுதேன்."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். இது நமக்குக் கொடுத்த வீடு, கேட்கும்போது இடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும், நாலு தக்காளிக்காக உடம்பைப் போட்டு இந்தப் பாடு படுத்துவானேன் என்றார். கோபமில்லை. தூக்கம் கெட்டவரின் அலுப்புத்தான்.

நான் கரண்டியை வாணலியில் வைத்தேன்.

"இடம் அவங்களுது. காய் என்னுது. அவங்க எடுக்கதை எடுத்துக்கிடட்டும். எதுக்கு ஆகும்னு ஒருத்தர் கேட்டுட்டுப் போயிட்டாரு. இது எதுக்கு ஆகும்னு அடுத்த வருசம் வரைக்கும் இந்த அலமாரியில இருந்து சொல்லும்."

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பிழிந்த காயை எண்ணெயில் போட்டுப் புரட்டி, வினிகர் விட்டு, பொடியைத் தூவி, கொதி வந்ததும் சூடான பாட்டில்களில் நிரப்பினேன். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டேன். மூடிகளை லேசாக வைத்து மறுபடி அண்டாவில் இறக்கி, காக்கித் துணியைச் செருகி, நன்றாகக் கொதிக்க விட்டோம். இனி யார் தூக்கத்தையும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. வெளியே எடுத்ததும் அவர்தான் மூடிகளை முறுக்கினார். இரும்போடு வேலை செய்த கை. நான் திருப்பிப் பார்த்தேன், ஒரு மூடியும் அசையவில்லை. ஆறியதும் மெழுகுவர்த்தியை உருக்கி மூடி விளிம்பில் சுற்றி ஊற்றினேன்.

பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்திப் பார்த்ததில் ஒன்றில் மட்டும் எண்ணெய் கசிந்தது. மூடியின் உள் அட்டை நைந்திருந்தது. அது நிற்காது. உடனே சாப்பிட்டுத் தீர்க்க வேண்டியது. அதை வேலிக்கு மேலே நீட்டி, தும்மியவருக்கு என்று சொன்னேன். மதுரைக்காரி வாங்க யோசித்தாள். அவள் கணவர் பின்னாலிருந்து கை நீட்டி வாங்கிக்கொண்டார். சாயந்திரம் காலிப் பாட்டிலோடு அவள் வந்தாள். உறுதி கொடுத்ததை நான் நினைவுபடுத்தவில்லை. புளிப்பு கொஞ்சம் தூக்கல் என்று குறை மட்டும் சொன்னாள். குறை சொல்ல வேண்டுமென்றால் வாயில் வைத்துத்தானே இருக்க வேண்டும்.

மீதிப் பாட்டில்களைத் துடைத்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய காகிதம் ஒட்டி, பின்பக்க ஜன்னலில் வரிசையாக வைத்தேன். மறுநாள் பள்ளம் தோண்ட வருகிறவர்கள் தலை நிமிர்ந்தால் கண்ணில் படும் இடம் அதுதான். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

அவர் ஷிப்டுக்குப் போன பிறகு வாளியைப் பார்த்தேன். ஒடித்துப் போட்ட கிளைகள் வாடாமல் விறைப்பாக நின்றன. குடிவந்த புதிதில் இதே ஓவர்சியர்தான் வந்து, முன்பக்கம் பூச்செடியும் குரோட்டன்ஸும் மட்டும்தான், காய்கறி எல்லாம் பின்பக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். இதுநாள்வரை அதன்படியே நடந்தேன். இனி எனக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது.

மறுநாள், வெள்ளிக்கிழமை, பால் காய்ச்சவில்லை, குழாயடிக்குப் போகவில்லை. முதல் வேலையாக வாசற்கதவைத் திறந்து, குரோட்டன்ஸ் வரிசைக்கு நடுவில் குழி பறித்து, தக்காளிக் கிளைகளை ஒவ்வொன்றாக நட்டுத் தண்ணீர் விட்டேன்.