முனிகிருஷ்ணனின் பெடல் ஊமையான கதை

நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் காலால் மிதித்துக் கிட்டாரை உறுமவைக்கத் தெரிந்தவர் முனிகிருஷ்ணன் ஒருவர்தான். ஆறு நாள் தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போகும். ஏழாம் நாள் கிருஷ்ணப்பாவின் மெல்லிசைக் குழுவில் மேடையேறி, ஊரார் காதை அடைத்துப் பழிதீர்த்துக்கொள்வார்.

உறுமலுக்குக் காரணம் சோப்பு டப்பா அளவில் ஆரஞ்சு நிறத்தில் இருந்த ஒரு பெடல். கிட்டாருக்கும் ஸ்பீக்கர் பெட்டிக்கும் நடுவே வைத்து மிதித்தால், சாதுவான கம்பிச் சத்தம் வெறிபிடித்துக் கரகரக்கும். குவைத்தில் அரபி வீட்டுக் கார் ஓட்டும் சிநேகிதன் ஹரிபாபு, 2006இல் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. மற்ற வீடுகளுக்கெல்லாம் சென்ட்டும் போர்வையும் வந்தன. போர்வை வராத வருத்தத்தை முனிகிருஷ்ணனின் மனைவி செங்கம்மா இன்னும் மறக்கவில்லை.

"பேட்டரி மூடியத் தொறந்துக்கோ. அந்த நாலு ஸ்குரூல மட்டும் கை வெக்காத" என்று ஹரிபாபு சொல்லியிருந்தான். முனிகிருஷ்ணன் வைக்கவில்லை. தாலி கட்டியபோது கொடுத்த வாக்குகளைக்கூட அவர் இவ்வளவு சிரத்தையாகக் காப்பாற்றியதில்லை.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. சரஸ்வதி பூஜையன்று எல்லா வாத்தியமும் கிருஷ்ணப்பா வீட்டுக் கூடத்துக்குப் போய்விடும். அவரே பொட்டு வைத்து, வெள்ளைத் துணி போர்த்திவிடுவார். விஜயதசமி பூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. கிருஷ்ணப்பா அப்பேர்ப்பட்ட பக்திமான். மைக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அவர் ஒருநாளும் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொன்னதில்லை.

2009ஆம் வருஷ விஜயதசமிக்கு மறுநாள், வீட்டில் பெடலை மிதித்தார் முனிகிருஷ்ணன். உறுமல் இல்லை. முனகல்கூட இல்லை. சிவப்பு விளக்கும் எரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் பெரிய இடத்து ரிசப்ஷன். புத்தூரைத் தாண்டாத குழு முதல்முறையாகத் திருப்பதி மேடை ஏறப்போகிறது. அந்த மேடைக்காக அவர் பதினெட்டு வருஷம் காத்திருந்தார்.

விசாரணை முறைப்படி தொடங்கியது. கிட்டாரை நேராக ஸ்பீக்கரில் சொருகினார், பாடியது. ஆகவே கிட்டார் நிரபராதி. வேறு ஒயரை மாட்டிப் பார்த்தார், ஒயரும் நிரபராதி. பேட்டரியை நாக்கில் வைத்தார், சுரீர் என்றது. பேட்டரியும் யோக்கியன். ஒயர் சொருகும் ஓட்டையைத் துடைத்ததில் காய்ந்த சந்தனம் உதிர்ந்ததே தவிர, சத்தம் வரவில்லை. கடைசியாகப் பெடலின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். தறிக்குப் பலிக்கிற வைத்தியம் அது.

"இன்னாயா, அதும் கையில சண்ட போட்டுகினு கீற?" என்றாள் செங்கம்மா. "போர்வையா இருந்தா இப்டி ரிப்பேர் ஆவுமா?"

மிச்சமிருந்த ஒரே குற்றவாளி குவைத்தில் இருந்தான். போன் போட்டார்.

"டூப்ளிகேட்ட தூக்கினு வந்து என் தலையில கட்டிட்ட இல்லடா?"

"மூணு வருஷமா பாடிகினுதான இருந்தது? இப்போதான் டூப்ளிகேட் ஆச்சா?" ஹரிபாபுவின் குரல் இறங்கியது. "அல்லாருக்கும் ஒரே கடையில சென்ட்டு வாங்கினேன். உனுக்காகத்தாண்டா கடை கடையா ஏறி எறங்கினேன்." போனை வைத்துவிட்டான்.

கிருஷ்ணப்பாவிடம் போய்ச் சொன்னபோது அவர் பதறவே இல்லை.

"சரேலே, போவட்டும் நைனா. இந்த ஒரு வாட்டி வூட்லயே ரெஸ்ட் எடு. நாங்க எப்பிடியோ சமாளிச்சுக்கிறோம்."

அவர் அத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்தது முனிகிருஷ்ணனை உறுத்தியது. வீட்டுக்கு வந்ததும் அந்த நாலு ஸ்குரூவையும் கழற்றினார்.

பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. தானாக அறுந்ததா, யாராவது வெட்டியதா என்று தறிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிங் பிளேயரால் நறுக்கென்று வெட்டியிருந்தது. அதன் பக்கத்தில், பச்சை சர்க்யூட் பலகைமேல், சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். இடது பக்கம் லேசாக ஒரு வால். பெடலின் வெளிப்பக்கத்திலும் அதே பொட்டு, அதே வால்.

ஒயரை வெட்டியவர், வெட்டிய கையோடு சரஸ்வதியிடம் மன்னிப்பும் கேட்டிருந்தார்.

திறந்த பெடலோடு மறுபடியும் கிருஷ்ணப்பா வீடு. கூடத்தில் புத்தம்புதுக் கீபோர்டு ஒன்று, வாலுள்ள பொட்டோடு வீற்றிருந்தது.

"வெட்டினதுகூடப் போவட்டும்ணா. பொட்டு எதுக்கு வெச்சே?"

கிருஷ்ணப்பா தலையைக் குனிந்துகொண்டார். "வாத்தியம்பா அது. சும்மா வெட்டினா பாவம் இல்ல?"

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உனுக்கு மனசு கஷ்டமாவும்னுதான் நைனா. இந்தக் கீபோர்டு கிட்டாரும் வாசிக்குது, தபலாவும் வாசிக்குது. மெட்ராஸ்ல அல்லாரும் மாறிட்டாங்கோ. பெடல் செத்துட்டா நீயே நின்னுப்பேன்னு நெனச்சேன்." பிறகு, நல்ல மனசோடுதான் கேட்டார்: "ஞாயித்துக்கெழம வேன்ல எடம் கீது. ஸ்பீக்கர் தூக்க வரியா?"

முனிகிருஷ்ணன் பெடலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் ஒயரைப் பற்றவைத்து மூடினார். பொட்டைச் சுரண்டவில்லை, சாட்சியை அழிக்கக்கூடாது அல்லவா?

ஞாயிறு மாலை, திருப்பதியில் முதல் பாட்டு தொடங்கும் நேரத்துக்கு, வீட்டு வாசலில் நின்று அந்தப் பாட்டை வாசித்தார். பெடல் முன்பைவிட நன்றாக உறுமியது. தெருவில் ஐந்து வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. முடித்துவிட்டுக் குவைத்துக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். ஹரிபாபு எடுக்கவில்லை.

செங்கம்மா வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாயா" என்றாள். "போர்வையா இருந்தா இழுத்துப் போத்திகினாவது படுத்திருப்ப."