மானிப்பாயில் நாச்சி வைத்த நேர்த்தி

போன சனிக்கிழமை நீர்வேலியிலிருந்து மானிப்பாய்க்குப் போனது ஒரு முடிவைச் சொல்லத்தான். அங்கே வசந்தி மச்சாள் வீட்டில் நான்கு வருடமாக மாதம் ஒருமுறை கூடுகிறோம். மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு. என் பாத்திரம் நாச்சி, பாட்டுப் பாடும் பூசாரி.

இப்போது அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வந்திருக்கிறது. விதிப்புத்தகத்தை இரண்டு தரம் வாசித்தேன், மனம் கொதித்தது. வேண்டுதல் பலிக்க நான் சிறுகச் சிறுக ஏற்றிய பக்திப் புள்ளிகளைத் தூக்கிவிட்டார்கள். வேண்டுதல் கேட்டால் இனி நேர்த்தி வைக்கவேண்டும், பாத்திரம் தன்னுடையது ஒன்றைக் கொடுக்கவேண்டும். யாருக்காக வேண்டுகிறோமோ அவரே பகடை உருட்டவேண்டும். கோயில் காரியத்தில் பகடையா? இதுதான் இனி என்றால் நான் விலகுகிறேன் என்று சொல்லத்தான் போனேன்.

காலை எட்டரைக்கு பஸ். யாழ்ப்பாணத்தில் மாறவேண்டும். ஒரு வழிக்கு நூற்றைம்பது ரூபாய் முடிந்தது. நடத்துநர் என் மடியிலிருந்த விதிப்புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார்.

"அக்கா, திருநீறும் பூசிக்கொண்டு பேய்ப்படப் புத்தகத்தோடை எங்கை போறியள்?"

"விளையாட, தம்பி."

"ஆர் வெல்லுறது, நீங்களோ பேயோ?"

பத்து மணிக்குத் தொடங்கினோம். மதியத்துக்குப் பிறகு, கதையில் கடல் கொந்தளித்து, எங்களோடு ஆடும் தவம் அண்ணையின் பாத்திரமான ஓடக்காரன் நீருக்குள் போய்விட்டான். நாச்சி வேண்டினாள்.

"என்ன நேர்த்தி, மச்சாள்?" கதையை நடத்தும் வசந்தி கேட்டார்.

"ஒரு பூமாலை."

"அது நாச்சிக்கு ஒரு குறையே? போனால் நோகிறதைச் சொல்லுங்கோ."

யோசிக்கவே இல்லை. "அவளின்ரை குரல்."

"வேண்டாம் பிள்ளை," என்றார் தவம் அண்ணை. "நான் வேறை ஆளைச் செய்து விளையாடுறன்."

"உருட்டுங்கோ, அண்ணை."

இருபது முகப் பகடையில் பதினைந்துக்கு மேல் விழவேண்டும். அவர் உருட்டினார். பதினேழு. ஓடக்காரன் மூச்சு விட்டான். ஒருவரும் கைதட்டவில்லை.

பழைய பதிப்பில் எத்தனையோ தரம் வேண்டியிருக்கிறேன். புள்ளி இருந்தது, கேட்டது கிடைத்தது. அன்று மேசைக்குக் கீழே என் கைகள் தாமாகவே கூப்பியிருந்தன.

அதன்பின் மாலைவரை நாச்சியைச் சைகையால்தான் ஆடினேன்.

"இப்ப சொல்லுங்கோ, பழையதோ புதியதோ?" என்றார் வசந்தி.

"பதில் சொல்ல நாச்சிக்கு எங்காலை குரல்?" என்றார் தவம் அண்ணை. நான் புதிய புத்தகத்தை எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

புதிய பதிப்புக்கு மாறலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஒரு முழுநாள் ஆடிப் பாருங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். ஐந்து மணிக்குப் பிறகு பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது.

குரலைத் திரும்பப் பெற விதி ஏதும் உண்டா என்று வசந்தி நேற்று போனில் கேட்டார். நான் தேடவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான்.