இன்னும் பார்க்காத பக்கம்

பீல் நகரத்து ஏரிக்கரைப் பூங்காவில், ஒரு ஞாயிறு மத்தியானம் அவரைக் கண்டேன். ஐம்பது வயதிருக்கும். கோடை வெயிலிலும் தடித்த சப்பாத்து போட்டிருந்தார். உலோகம் தேடும் கருவியைப் புல்லின் மேல் அசைத்தபடி அடி அடியாக நடந்தார்.

பழைய காசு தேடுகிறவர்களை அங்கே முன்பும் பார்த்திருக்கிறேன். கருவி கத்தியதும் ஆசையோடு தோண்டுவார்கள். இவரோ முழங்காலில் நின்று, மெல்லிய கம்பி ஒன்றை மண்ணுக்குள் சரிவாகச் செருகினார். பிறகு விரலால் மண்ணை மெல்ல விலக்கினார். கறுத்துப்போன பழைய காசு ஒன்று வந்தது.

"காசுதான்," என்று தமிழில் ஆறுதலாகப் பெருமூச்சு விட்டார்.

அடுத்த சத்தத்துக்குத் துருப்பிடித்த போத்தல் மூடி. "மூடிதான்." அதே பெருமூச்சு.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிட்டப் போனேன்.

"என்ன அண்ணை தேடுறியள்?"

"ஊரிலை கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்தனான்."

"இஞ்ச கண்ணிவெடி இல்லையே?"

"ஓம். அதுதான் இஞ்ச தேடுறன்."

நான் பக்கவாட்டில் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவர் என் கால்களைப் பார்த்தார்.

"தம்பி, அதிலை நிக்காதேங்கோ. அந்தப் பக்கம் நான் இன்னும் பாக்கேல்லை."

நான் இந்த ஊரிலேயே பிறந்தவன். சின்ன வயதில் பந்தடித்த புல்வெளி அது. இருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவருடைய சப்பாத்துத் தடங்களில் கால் வைத்துத்தான் வெளியே வந்தேன்.