ஐம்பத்திரண்டில் இருபத்தேழு

மணிவேலுக்கு எதையும் துருவாமல் இருக்க முடியாது. செங்கம் சாலையில் என் தையல் கடை வாசலில்தான் அவர் ஆட்டோ நிற்கும். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர் யாராவது ஏறினால், இறங்குவதற்குள் அவர் ஊரில் மாட்டுக்கு என்ன தீவனம் என்பதுவரை கேட்டுவிடுவார். என் மிஷினில் நூல் அறுந்தால்கூட எட்டிப் பார்த்து, ஏன் அறுந்தது என்பார். நான் தைப்பதா, இவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதா என்று எரிச்சலாக வரும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கழித்தல் என்றால் ஒன்றாம் இடத்தில் தொடங்க வேண்டும். போகாவிட்டால் பக்கத்து எண்ணிடம் கடன் வாங்க வேண்டும். அவர் படித்த காலத்தில் அப்படித்தான். அதற்கு மேல் பேச்சில்லை.

அவர் மகள் கீர்த்தனா, பக்கத்து அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. என் மகனும் அதே வகுப்புதான். கீர்த்தனாவின் அம்மா ரேவதி ஒரு விடுதியில் சமையல் வேலை முடிந்து இருட்டும் நேரத்தில்தான் வருவாள். அதனால் பள்ளி விட்டதும் பிள்ளை நேராக ஆட்டோவுக்கு வந்து, பின்சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்.

ஒரு நாள் ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழிக்க வேண்டியிருந்தது. கீர்த்தனா நீளமாக ஒரு கோடு இழுத்தாள். இருபத்தேழிலிருந்து முப்பதுக்கு ஒரு தாவல், முப்பதிலிருந்து ஐம்பதுக்கு ஒன்று, அங்கிருந்து ஐம்பத்திரண்டுக்கு ஒன்று. தாவல்களுக்கு மேல் மூன்று, இருபது, இரண்டு என்று எழுதி, கூட்டி, இருபத்தைந்து என்றாள்.

விடை சரி. ஆனால் மணிவேலுக்கு அது கணக்காகவே படவில்லை. கழிக்கச் சொன்னால் கூட்டுகிறாளே என்று ரப்பரை எடுத்து மொத்தத்தையும் அழித்து, தன் முறையில் போட வைத்தார். மறுநாளும் அவள் கோடு இழுக்க, இவர் அழிக்க, அதே கூத்து. போகப் போக அவள் கோடு இழுப்பதை விட்டாள். பிறகு அப்பா எதிரில் கணக்குப் புத்தகத்தை எடுப்பதையே விட்டாள். கேட்டால், கணக்கு தனக்கு வராது என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள்.

போகிற பஸ்ஸின் நம்பரையெல்லாம் கூட்டிப் பார்த்து விளையாடிய பிள்ளை அது. பள்ளியில் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று மணிவேல் முடிவுகட்டி, வேங்கிக்கால் பக்கம் தனியார் பள்ளி விசாரிக்கத் தொடங்கினார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அழித்தது யார், பழி யார் மேல்?

அந்தச் சமயம் பார்த்துப் பெற்றோர் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். கூட்டம் வைத்த நாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு மதியத்திலிருந்தே கூட்டம் வந்து இறங்கும். எந்த ஆட்டோக்காரரும் அன்று வண்டியை ஓரங்கட்ட மாட்டார். மணிவேல் ஓரங்கட்டிவிட்டு வந்தார்.

வகுப்பு ஆசிரியை எழில் எங்களைப் பாயில் உட்கார வைத்து, ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்து, அதே மாதிரிக் கணக்கைப் போடச் சொன்னார். குச்சி போதாமல் ஒரு கட்டைப் பிரித்தபோதுதான், நான் இத்தனை காலம் கடன் வாங்கியது ஒரு முழுப் பத்தை என்று எனக்கு உறைத்தது. மணிவேல் குச்சியைத் தொடவில்லை. கழிக்கச் சொன்னால் பிள்ளை ஏன் கூட்டுகிறது என்று அதிலேயே நின்றார்.

எழில் டீச்சர் சிரிக்கவில்லை. "உங்களுக்கும் பாப்பாவுக்கும் எவ்ளோ வயசு வித்தியாசம்ங்க?" என்று கேட்டார்.

அவருக்கு முப்பத்தைந்து, அவளுக்கு எட்டு. "எட்டுல இருந்து பத்துக்கு ரெண்டு. அங்கிருந்து முப்பத்தஞ்சுக்கு…" என்று விரல் மடக்கியவர் பாதியில் நின்றுவிட்டார். கழித்தலுக்குத்தான் அவரும் கூட்டிக்கொண்டிருந்தார். எடுத்தது போக மீதி எவ்வளவு என்பதும் கழித்தல், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு என்பதும் கழித்தல் என்று டீச்சர் சொன்னபோது, மணிவேல் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொம்மையைப் பிரித்துப் பார்த்த குழந்தை மாதிரி இருந்தது.

வேங்கிக்கால் பேச்சு அன்றோடு நின்றது. அதற்குப் பதில் வேறு பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் எண்ணுக்கு எண் தாவிக் காட்டினார். நான் ரவிக்கைக்கு அளவெடுத்தால் அதற்கும் ஒரு தாவல் சொன்னார். கீர்த்தனாவும் சந்தோஷமாகப் புத்தகத்தைத் திறந்தாள், கோடு இழுத்தாள்.

அடுத்த வாரம் எழுபத்தொன்றில் முப்பத்தெட்டு. அன்று அவள் கோடு இழுக்காமல் குச்சிக்கட்டுகளாக வரைந்தாள். மணிவேல் ரப்பரை எடுத்தார். டீச்சரே சொல்லியிருக்கும்போது தாவாமல் இதென்ன என்றார். பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிட்டது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஊர்ல போற வர்றவங்களையெல்லாம் கேள்வி கேக்கறீங்களே மணிவேலு, அந்தப் புள்ளைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றேன்.

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்சீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படிப் போடப் போகிறாள் என்று கேட்டார். அவள் பென்சிலை மறுபடி எடுத்தாள். பிறகு மெதுவாக, ஏழு கட்டும் ஒரு குச்சியும் என்று ஆரம்பித்தாள். ஒரு கட்டைப் பிரித்தால் குச்சி பதினொன்று, எட்டுப் போனால் மூன்று. ஏழு கட்டில் மூன்று போனால் நான்கு. நாற்பத்து மூன்று.

தப்பு. எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? கை சட்டைப்பைக்குப் போய், திரும்பி வந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டது. நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

கீர்த்தனா வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரிச்ச கட்டு இன்னும் இங்கயே கீதுப்பா," என்றாள். அதை அடித்துவிட்டு மறுபடி எண்ணி, முப்பத்து மூன்று என்று எழுதினாள். எழுதியவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"தப்புன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ எப்படிக் கண்டுபிடிப்பன்னு பாக்கணும்போல இருந்துச்சு கண்ணு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "அப்போ அடுத்ததையும் பாரு," என்று நோட்டை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.