பகடை ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல

ஆட்டம் நடத்துகிற வேலை, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற வேலை மாதிரிதான். யார் இலையில் அப்பளம் உடைந்திருந்தாலும் நம்மைத்தான் முறைப்பார்கள்.

வார நாட்களில் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ரயிலில் போய் ரயிலில் திரும்புகிறேன். ஞாயிறு மதியம் திருத்தணியில், ஒரு தையல் பயிற்சி நிலையத்தின் மாடியில், மூன்று பேருக்குக் கதையாட்டம் நடத்துகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆளுக்கொரு பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்கு என்னென்ன திறமை என்று ஒரு தாளில் எழுதியிருக்கும். கதையில் என்ன நடக்கிறது என்று நான் சொல்வேன், தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். விதிப்புத்தகம் ஒன்று உண்டு. அது சொல்லாததற்கும், சொன்னது ஒத்துவராததற்கும் என் முடிவே முடிவு. அந்தக் கடைசி வரியில்தான் எல்லா வினையும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சூதாட்டமா?

முதல் மாதமே கட்டடத்துக்காரர் படியேறி வந்துவிட்டார். கீழே தையல் மெஷின் சத்தத்தையும் மீறிப் பகடை உருளும் சத்தம் அவர் காதில் விழுந்திருக்கிறது. பந்தயம் எதுவும் இல்லை, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று நாற்காலி போட்டேன். அவரும் உட்கார்ந்து மதியம் முழுக்கப் பார்த்தார். காட்டுக்குள் போனார்கள், கரடியிடமிருந்து தப்பினார்கள், ஒரு கிணற்றில் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் நிறுத்தினேன்.

“யார் ஜெயிச்சது?” என்றார். இதில் ஜெயிப்பது தோற்பது கிடையாது, கதை போய்க்கொண்டே இருக்கும் என்றேன். மூன்று பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். “யாருமே ஜெயிக்கலன்னா, எப்பம்மா எழுந்து வீட்டுக்குப் போவீங்க?”

ராஜ்யம் கேட்டவர்

மூவரில் லோகேஷ் இங்கே கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். அவருடைய பாத்திரத்துக்கு வாள் பிடிக்கத் தெரியாது, குதிரை ஏறத் தெரியாது. நயமாகப் பேசி இணங்கவைக்கும் திறமையை மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்றி ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோயிருந்தார். ராஜாவின் முன்னால் நிறுத்தியதும், “ராஜ்யத்தை எனக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேக்கறேன்” என்றார். சிரித்துக்கொண்டே உருட்டச் சொன்னேன். இருபது விழுந்தது. அதற்கு மேல் பகடையில் எண்ணே கிடையாது.

ராஜா இதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார், தலையை வாங்காமல் விருந்துக்குக் கூப்பிட்டார், இந்தக் கேள்விக்கு இதுவே பெரிய வெற்றி என்று சொன்னேன். லோகேஷ் எழுந்தே நின்றுவிட்டார். “ஏற்கத்தகாத மனுன்னா வாசல்லயே திருப்பி அனுப்பணும் மேடம். நம்பர் போட்டு, வாதம் கேட்டு, எனக்குச் சாதகமா வந்தப்புறம் தள்ளுபடின்னா, உருட்டச் சொன்னது எதுக்கு?”

ஆடு

நடக்க முடியாததற்குப் பகடை கேட்பதை அதிலிருந்து விட்டேன். அடுத்த தொல்லை நகரியிலிருந்து வந்தது. மூவரில் இன்னொருத்தியான சுகன்யா, தன் அக்கா வீட்டுக்காரரை ஒரு ஞாயிறு கூட்டிவந்தாள். அவள் “பாவா” என்று கூப்பிட, எங்களுக்கும் அவர் பாவா ஆகிவிட்டார். விதிப்புத்தகத்தை நீட்டினால் வாங்கவே இல்லை.

கோட்டை வாசலில் இரண்டு காவலர்கள், பக்கத்தில் ஒரு ஆடு கட்டியிருக்கிறது என்று சொன்னேன். ஆடு சும்மா அலங்காரத்துக்கு. பாவா உடனே, “ஆட்டை அவுத்து வுட்டுட்டேன், இப்ப ரெண்டு பேரும் பின்னாடி ஓடுவானுங்க” என்றார். லோகேஷ் குறுக்கிட்டார். கவனத்தைத் திருப்புவது எங்கள் மூன்றாமவருடைய வீரனின் தனித்திறமை. வில் திறமையை விட்டுக்கொடுத்து அவர் வாங்கியது. யார் வேண்டுமானாலும் சும்மா செய்யலாம் என்றால் அவர் விட்டுக்கொடுத்ததற்கு என்ன மதிப்பு? நியாயம். ஆனால் ஆடு ஓடும் என்பதும் நியாயம்.

ஒரு காவலன் ஆட்டின் பின்னால் ஓடினான், மற்றவன் நின்றான், திறமை உள்ளவர் செய்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்று தீர்ப்புச் சொன்னேன். இருவருக்கும் பாதி திருப்தி. பாவா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க ஊர்ல ஆட்டை அவுத்து வுட திறமை வாணாம்மா, முடிச்சு அவுக்கத் தெரிஞ்சா போதும்.”

படகோட்டி

சுகன்யா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆட்டத்தில் வைத்தியச்சி. மூச்சு நின்ற உடனே அவள் தொட்டால் மூச்சு திரும்பும், பகடைகூட வேண்டாம் என்பது புத்தகத்திலேயே இருக்கிற விதி. பல வாரம் அவர்களை ஆற்றைக் கடத்திவிட்ட ஒரு படகோட்டியைச் சாகடித்து, அவன் கடைசிச் சொல்லிலிருந்து அடுத்த கதையைத் தொடங்குவதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். அம்பு பாய்ந்தது. “நான் தொடறேன்” என்றாள். “அவன் விதி முடிஞ்சிடுச்சு, உன் கை பலிக்கலை” என்றேன்.

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வரவும் இல்லை. ஒரு நாள் ரயில் இறங்கி அவள் டியூட்டி முடிகிற நேரத்துக்குப் போய், எதிரிலிருந்த டீக்கடையில் பிடித்தேன். கோபமா என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “வார்டுல நாள் பூரா ‘எங்க கையில ஒண்ணும் இல்லீங்க’ன்னு சொல்லிகினு இருக்கேன்க்கா. அந்தத் தாள்ல மட்டும்தான் என் கையில என்னமோ இருக்குதுன்னு எழுதியிருந்துச்சு.”

அடுத்த ஞாயிறு வந்தாள். விட்ட இடத்திலிருந்தே தொடங்கினேன். வைத்தியச்சி தொட்டாள், படகோட்டி இருமினான், கண்ணைத் திறந்தான். நான் தயாரித்து வைத்திருந்த கதை அவ்வளவும் ஆற்றோடு போயிற்று. இனி என்ன சொல்வது என்று எனக்கே தெரியாமல் விழித்தேன். சுகன்யா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டாள். “ரெண்டு நாளைக்குக் கஞ்சிதான் குடுக்கணும்க்கா, உடனே துடுப்பு போட வுட்றாதீங்க.”

பாலம்

மூன்றாமவர் தேவராஜ். கே.ஜி.கண்டிகையில் ஆட்டோ ஓட்டுகிறார். முதல் நாளிலிருந்து ஒரே வீரன்தான் அவருக்கு. அவன் நடக்கிற விதம், சாப்பிடுகிற விதம் எல்லாம் எங்களுக்கே அத்துப்படி. அன்று தொங்குபாலத்தில் கடைசியாக அவன் வந்தான், மற்றவர்கள் கரையேறும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான். பகடையில் ஆகக் குறைந்த எண்ணான ஒன்று விழுந்தது. புத்தகப்படி ஆள் பள்ளத்தில், வைத்தியச்சியின் கை எட்டாத ஆழத்தில்.

அன்று கிருத்திகை. தெருவில் காவடிச் சத்தம். இன்னொரு தடவை உருட்டுங்கள், கயிறு காலில் சிக்கியது என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். சுகன்யா தலையாட்டினாள். எந்த முடிவையும் ஆட்டம் நடத்துகிறவர் மாற்றலாம் என்கிற விதியை லோகேஷே தேடி எடுத்துக் காட்டினார். தேவராஜ் எழுந்து ஜன்னலோரம் போய், மலைப்படியில் ஏறுகிற கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது.

“வாணாம்க்கா, செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும்” என்றார். ஏன் என்று லோகேஷ் கேட்டார். “ஸ்டாண்டுல வரிசைன்னா வரிசை சார். பாவம்னு ஒருத்தன முன்னாடி வுட்டா, அன்னையிலேர்ந்து எல்லாருமே பாவம் ஆயிடுவாங்க.”

எப்போது புத்தகத்தைத் திறப்பது, எப்போது மூடுவது என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலை என்பார்கள். திறந்தாலும் மூடினாலும் ஒருவராவது முறைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார் என்பது நான் தெரிந்துகொண்டது.