சுவரைப் பார்த்த சீமாட்டி

இறந்து இருபது வருடமான என் அம்மா, ஒரே மதியத்தில் முப்பத்தேழு பிரபுக்களின் மூக்கை உடைத்தாள். சிரிப்பவர்கள் சிரியுங்கள். நான் பிரேமன் நகரத்தில் நாற்பது வருடம் டிராம் ஓட்டியவன். தண்டவாளத்தை விட்டு விலகிப் பழக்கமில்லை. இது நடந்தது.

அம்மா ஒட்டிலி, பிரபு குலத்துப் பெண். குதிரைக்கு லாடம் அடிக்கும் என் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அன்றே தாத்தா அவள் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார் என்பார்கள். தகுதிக்குக் கீழே மணம் முடிக்கும் பெண்களுக்கு அந்த மாளிகையில் அதுதான் தண்டனை. அவள் முகம் ஒருநாளாவது கூடத்தைப் பார்க்கட்டும் என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் வலித்தது. குடும்பத் தலைவரான என் மாமன் மகன் எக்கார்ட் ஒவ்வொரு முறையும் கைவிரித்தார். தாத்தாவின் உத்தரவாம்.

போன நவம்பரில், அவர் மனைவியின் தயவால், வருடாந்திரக் குடும்பக் கூடுகைக்கு எனக்கும் முதல் அழைப்பு வந்தது. வெளியே மூடுபனி. உள்ளே முப்பத்தேழு பிரபுக்கள், காபி, வெண்ணெய்க் கேக். எனக்கு மட்டும் சமையலறைக் கதவோர நாற்காலி. எதிர்ச்சுவரில் மீசை வைத்த முன்னோர்கள். நடுவே பின்பலகையைக் காட்டியபடி ஒரே ஒரு படம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய்த் திருப்பி மாட்டினேன். பத்தொன்பது வயது அம்மா.

"பழையபடி வை, யோஸ்ட். குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு" என்றார் எக்கார்ட்.

"லாடக்காரன் மகனுக்கு அது கிடையாதா, மச்சான்?"

ஒரு வாய் கேக் எடுத்து நிமிர்ந்தேன். மறுபடி பின்பலகை...

எந்தப் பயல் செய்தது? ஒருவரும் இருக்கையை விட்டு எழவில்லை. பலகைத் தூசியில் என் விரல் தடங்கள் மட்டுமே. திரும்பவும் திருப்பினேன். கூடத்தில் கருகிய குளம்பு வாசனை. அப்பாவின் பட்டறை வாசனை.

கிரீச்...

எல்லார் கண்ணெதிரிலும் படம் மெல்லத் திரும்பியது.

மூன்றாவது முறை சட்டத்தை இரு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். எதிர்ப்பக்கம் யாரோ இழுத்தார்கள். சின்ன வயதில் என் காதைத் திருகிய அதே பிடி.

"உனக்காகத்தானேம்மா வந்தேன்..."

இன்னும் பலமாக இழுத்தாள்.

விட்டுவிட்டேன்.

கம்பி முறுக்கிக்கொண்டது, பேயுமில்லை பிசாசுமில்லை என்றார் எக்கார்ட்.

கிளம்பும்போது கார் வரை வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அத்தை கல்யாணத்தன்னிக்கு எனக்கு ஏழு வயசு. ஏணியை நான்தான் புடிச்சேன். தாத்தா அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவே இல்ல, யோஸ்ட். நேரா மாட்டத்தான் ஏறினாரு. அழுதுக்கிட்டே. மாட்ட மாட்ட, அத்தை திரும்பிக்கிட்டா. பொண்ணு நம்மள ஒதுக்கிட்டான்னு வெளிய சொல்ல முடியுமா? நாமதான் ஒதுக்கினோம்னு சொல்லிட்டாரு."

"அப்போ இன்னிக்குப் பார்த்தது?"

பிடித்திருந்த கதவை விட்டார்.

"அன்னிக்கு நடந்ததுதான்."