இல்லாத கிளையின் நிழல்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஐந்து வருஷமாக மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். மகளின் பழைய நோட்டில் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். எட்டாவதோடு நின்றவன் நான். அரிவாள் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. ஆனாலும் எங்கள் ஊர்ச் சாமி முனியப்பன் சாட்சியாக, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

நான் ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மரமேறி. காப்பிச் செடிகளுக்கு வேண்டிய அளவு வெயில் இறங்கும்படி, மேலே நிற்கிற நிழல் மரங்களில் கிளை கழித்துவிடுவது என் வேலை. அந்த வருஷங்களில் மலை முழுக்க சோலார் வந்துகொண்டிருந்தது. முதலில் லாட்ஜ் மாடிகளில் வைத்தார்கள். அப்புறம் பெட்ரோல் பங்க், காப்பிக் களத்து ஷெட், பள்ளிக்கூடம் என்று வந்தது. மரத்தின் உச்சியில் நின்று நாகலூர்ப் பக்கம் பார்த்தால், கூரை ஓடும் தகரமும் இருந்த இடங்களில் சோலார் பேனல்கள் கறுப்பு நீர்க்குட்டைகளாகத் தெரியும். மூடுபனி வந்து எல்லாவற்றையும் மூடும். விலகும்போது மரத்துக்கும் ஊட்டுக்கும் முன்னால் அந்தக் கறுப்புத்தான் முதலில் தெரியும். நான் பார்ப்பதற்கு முன்னாலேயே அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருக்கும்.

எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கும் சோலார் வரப்போகிறது என்றார்கள். ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். என் மனைவிக்கு இளைப்பு உண்டு. மழைக்காலத்தில் நெஞ்சு அடைத்து, உதடு நீலமாகிவிடும். நர்சம்மா அவளை உட்கார வைத்து, மூக்கில் மூடி போட்டு மருந்துப் புகையை இழுக்க வைக்கிற மிஷினைப் போட்டால்தான் மூச்சு திரும்பும். அந்த மிஷினுக்குக் கரண்ட் வேண்டும். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்தால் இரண்டு நாள், மூன்று நாள் கரண்ட் இருக்காது. ஒரு தடவை ஜீப்பில் போட்டுச் சேலத்துக்கு இறங்கும்போது, பத்தாவது வளைவில் அவள் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. போய்விட்டாள் என்றே நினைத்தேன். சாமி திருப்பிக் கொடுத்தது.

சோலார் மாட்டச் சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் கூரையைப் பார்த்துவிட்டு, "அந்தக் கெளை இருந்தா வெச்சும் பிரயோஜனமில்லீங்க" என்றான்.

அவன் காட்டியது, சுகாதார நிலையத்துக்குத் தெற்கே நிற்கிற பெரிய நாவல் மரத்திலிருந்து கூரைப் பக்கம் நீண்ட கிளை. மரத்தடியில் முனியப்பன் கல் இருக்கிறது. சாமி மரத்தில் கை வைப்பதானால் எங்கள் ஊரில் பூக்கேட்க வேண்டும். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் தொடக்கூடாது. அரிவாள் வைக்கப் போகிறவன்தான் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூக்கேட்டோம். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நின்ற சனங்கள் வெறும் நிறங்களாகத் தெரிந்தார்கள். பூசாரிக்குக் கண்ணில் புரை. அந்தப் பெண் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

சிவப்பு.

"என்ன சாமி வந்துருக்குது?" என்றார் பூசாரி.

மனைவி அந்தப் பனிக்குள் எங்கேயோ நின்று இருமினாள். அந்த இருமல் எனக்கு மட்டும்தான் கேட்டது போல இருந்தது. கையை மூடிக்கொண்டேன்.

"வெள்ளைங்க."

யாரும் கிட்டே வந்து பார்க்கவில்லை. சாமி முன்னால் ஒருத்தன் பொய் சொல்லுவான் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது.

மறுநாள் நானே ஏறிக் கிளையை வெட்டினேன். சாமி மரத்து விறகை யாரும் ஊட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து அங்கேயே எரித்து முடித்தோம். கூரையில் இரண்டு வரிசை பேனல் ஏறியது. அந்த மழைக்காலத்தில் மனைவி நான்கு தடவை மிஷினில் உட்கார்ந்தாள், நான்கு தடவையும் மூச்சு திரும்பியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தை மாதம் மெக்கானிக் திரும்ப வந்தான். மத்தியானத்தில் மட்டும் ஒரு பேனலில் கரண்ட் படுத்துவிடுகிறதாம். ஏணியைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டான். நானும் மேலே ஏறினேன். சுத்தமான வெயில். மேல் வரிசையில் மூன்றாவது பேனலின் மேல் குறுக்காக ஒரு நிழல் கிடந்தது. நடுவில் ஒரு முட்டி, அதிலிருந்து பிரிகிற இரண்டு கவை. அந்த முட்டியில் கால் வைத்து நின்றுதான் நான் முதலில் நுனியைக் கழிக்க அரிவாளை ஓங்கினேன்.

"ஏனுங்கண்ணா, கெளைய வெட்டியாச்சுன்னாங்களே?"

"வெட்டியாச்சு. எரிச்சும் ஆச்சு."

"அப்ப இது எதோட நெழலுங்க?"

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். வெட்டுப்பட்ட அடிக்கட்டைக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். மெக்கானிக் சிரித்தான். "உங்க மலையில நெழலுக்குத் தனியா உசுரு இருக்குமாட்ட இருக்குதுங்க!" ஆனால் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. டீ சொல்லியிருந்தேன், அதையும் குடிக்காமல் வண்டியை எடுத்தான்.

அடுத்த வாரம் வேறு பேனல் கொண்டுவந்து மாட்டினான். அதிலும் அப்படியேதான். கழற்றிக்கொண்டு போன பழைய பேனல், வேறொரு லாட்ஜ் மாடியில் நன்றாக வேலை செய்கிறது என்றான். ஆனி, ஆடியில் நாவல் பழுக்கிற காலத்தில் அந்த ஒரு பேனலில் மட்டும் தினமும் ஊதாக் கறை. நர்சம்மா, "வவ்வாலுங்க போடுறதா இருக்கும்" என்றார். இருக்கலாம். பக்கத்துப் பேனல்கள் துடைத்த மாதிரி இருந்தன.

அந்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. லைன் அறுந்து கரண்ட் இல்லை. வெயிலே இல்லாமல் சோலார் பேட்டரியும் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலையில் மனைவிக்கு இளைப்பு கண்டது. சேலம் ரோட்டில் மண் சரிந்திருந்தது. முதுகைத் தடவிக்கொண்டு, வெயில் வா, வெயில் வா என்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் வானம் பளிச்சென்று திறந்தது. நர்சம்மா சுவிட்சைப் போட்டார். மிஷின் உறுமியது. மனைவி இரண்டு மூச்சு இழுத்தாள்.

மிஷின் நின்றுவிட்டது. இன்வர்ட்டர் கூவியது.

வெளியே ஓடினேன். காற்றே இல்லை. நாவல் மரத்தில் ஓர் இலை அசையவில்லை. கூரையில் மட்டும் நிழல் இரண்டு வரிசைக்கும் பரவிக் கிடந்தது. அந்த நிழலில் இலைகள் இருந்தன. அவை அசைந்துகொண்டிருந்தன.

ஈர மண்ணில் அப்படியே மண்டி போட்டேன். "செவப்புதான் வந்துச்சு. நாந்தான் மாத்திச் சொன்னேன். வாங்குறதுன்னா என்னை வாங்கிக்க!" என்று கத்தினேன்.

உள்ளே மிஷின் திரும்பவும் உறுமத் தொடங்கியது. நான் கத்தியதால்தான் என்று யாரிடமும் சாதிக்க வரவில்லை. அந்த நேரத்தில் அப்படி நடந்தது, அவ்வளவுதான்.

சன்னல் திறந்திருந்தது. மனைவிக்கும் நர்சம்மாவுக்கும் கேட்டிருக்கும். உதட்டில் நிறம் திரும்பிய பிறகு மனைவி மூடியைக் கழற்றிவிட்டு, "எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே உங்க சட்டைய நாந்தானே தொவைச்சேன். பையில கசங்கிக் கெடந்துச்சு, செவப்பு அரளி. கேக்கோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க காப்பாத்துனது எம்பட மூச்சு பாருங்க, அதான் கேக்கல."

இரண்டு பேரும் ஒரே பாவத்தை ஒரே ஊட்டுக்குள் தனித்தனியாக ஒளித்து வைத்திருக்கிறோம். நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "போய்ச் சொல்லிப் போடலாமுங்க" என்றாள்.

"சொன்னா பேனலைக் கழட்டச் சொல்லுவாங்க புள்ள. அப்பறம் நீ?"

"சொல்லாம இருந்து இன்னிக்கு என்ன வாழ்ந்துச்சு?"

அடுத்த வெள்ளிக்கிழமை பூசையில் பூவையும் நிழலையும் ஊர் முன்னால் சொன்னேன். ஒரு கிழவி, "மரமேறுறவனுக்கு நாக்கும் எட்டாத கெளைக்குப் போயிருக்குது பாரு!" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் எல்லாவற்றையும் கழற்றி இறக்கு என்றார்கள். மனைவி முன்னால் வந்து நின்று, "கழட்டுறதுன்னா கழட்டுங்க சாமி. எம்பட மூச்சுக்கு முனியப்பனே பொறுப்பு" என்றாள்.

பூசாரி வெகு நேரம் கல்லில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "அந்தக் கெளை கேக்குறது அது எடத்தைத்தான். அந்த ஒண்ணை மட்டும் கழட்டி உட்டுருங்க. மிச்சம் அந்தப் பொண்ணுக்கு இருக்கட்டும்" என்றார்.

மூன்றாவது பேனலை இறக்கினோம். அந்த இடத்தில் இப்போது வெறும் சிமெண்ட் தளம் தெரிகிறது. அதன் பிறகு இன்வர்ட்டர் ஒரு தடவைகூடக் கூவவில்லை. மனைவி மழைக்காலங்களைத் தாண்டி வருகிறாள். பூசாரி சொன்னபடி ஒரு மண்டலம் நான் மரமேறவில்லை. தினமும் விளக்குப் போட்டேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மத்தியானமும் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறேன். அடிக்கட்டையில் ஒரு துளிரும் இல்லை. நிழல் அந்தக் காலி இடத்தில்தான் விழுகிறது. ஆனால் முதல் வருஷம் பார்த்ததைவிட ஒரு விரற்கடை நீண்டிருக்கிறது. பக்கத்துப் பேனலை இன்னும் தொடவில்லை. மனைவியிடம் சொன்னேன். "வளரட்டுமுங்க. அதுவும் உசுரோடதானே இருக்குது" என்றாள்.

வாசிக்கிற பெரியவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை யாருக்காவது சொல்லுவதானால், எனக்கு நல்ல பேர் வர வேண்டும் என்றோ, கேட்கிறவர்கள் பயப்பட வேண்டும் என்றோ ஒரு சொல்லையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். சாமி கொடுத்த வார்த்தையை ஒருத்தன் மாற்றிச் சொன்னதே போதும்.